கிழக்கைப் பார்க்காத நாலு வாசல்

அக்டோபர் 14, செவ்வாய். ஆலன் நகரம்.

இத்தாலியில் வில்லா ரொட்டோண்டாவைப் பார்த்துவிட்டு, நமக்கும் இப்படி ஒரு வீடு வேண்டுமென்று குதித்தது என் கணவன் செந்தில்தான். நடுவில் குவிமாடக் கூடம், நாலு பக்கமும் ஒரே மாதிரி தூண், படி, வாசல். எல்லா அறைக்கும் வெயில் கிடைக்க அதை மூலைவாட்டில் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். நானும் அப்படியே வரைந்தேன்.

இன்று வீடியோ காலில் மாமனார் பிளானைப் பார்த்தார்.

"நாலு வாசல் இருக்கு, ஒண்ணுகூட கிழக்கப் பாக்கலையேம்மா."

நான் செந்திலைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. டிசைன் பண்ணது அவதான்."

நாளைக் காலையில் அஸ்திவாரத்துக்கு கான்கிரீட் வருகிறது. நிறுத்தச் சொல்லவா என்று படுக்கும்போது செந்திலிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நிறுத்தினால் அது மாமனார் வீடு. நிறுத்தாவிட்டால் என் வீடு. என்னுடையது மட்டும்.