மலைக்குப் போக ஒரு ஜோடி பூட்ஸ்

ராஜபாளையம்
28.10.2024

அன்பு மருமகள் ஷீனாவுக்கு,

உன் அத்தை ஜெயபாய் எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் இங்கே சுகம். அங்கே கனடாவில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் என்றால் நீ "சாப்பிட்டீங்களா அத்தை" என்பாய், நான் "ஆச்சு" என்பேன், அதோடு முடிந்துவிடும். பத்து மாதமாக நாம் பேசிக்கொள்வது அவ்வளவுதானே. அதனால்தான் இந்தக் கடிதத்தை ரோஷன் கையில் கொடுத்துவிடுகிறேன். மெர்வினோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், உங்கள் ஊரிலேயே இருப்பவன், உன் கையிலேயே சேர்த்துவிடுவான்.

மாமாவுக்கு வலது கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரில் படித்ததை எல்லாம் எனக்கு இன்னொரு தடவை படித்துக் காட்டுகிறார். இங்கே மழை பிடித்துக்கொண்டது. மாடியில் துணி காயவில்லை. அங்கே பனி விழத் தொடங்கிவிட்டதாக ரோஷன் சொன்னான்.

அவன் தங்கை கல்யாணத்துக்கு அழைக்க வீட்டுக்கு வந்திருந்தான். காப்பி கொடுத்துவிட்டு, வெகுநாளாக மனசில் வைத்திருந்த ஒன்றைக் கேட்டேன். போன கிறிஸ்மஸுக்கு மெர்வினுக்கு நான் பார்சலில் அனுப்பிய பூட்ஸ் அங்கே இருந்தால் ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடச் சொல் என்றேன். பிள்ளைக்கு நான் கடைசியாக வாங்கிக் கொடுத்தது, பீரோவில் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "பெரியம்மா, அதை மட்டும் கேக்காதீங்க" என்றான். நான் விடவில்லை. அதன் பிறகுதான், நீ அவனிடம் சொல்லியிருந்ததை எல்லாம் சொன்னான்.

புது வருஷ ஆராதனை முடிந்ததும் நேரே மலைக்குப் போகலாம் என்று மெர்வின்தான் கேட்டானாம். நீ, வீட்டுக்குப் போய் இந்த பூட்ஸை மாற்றிக்கொண்டு வா, இது பனியில் நிற்காது என்று இரண்டு தடவை சொன்னாயாம். "அம்மா ஆசையா வாங்கி அனுப்பிருக்காங்க, இன்னைக்கு ஒரு நாள் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டானாம். இறங்கும்போது பனி கண்ணாடியாக உறைந்திருந்த இடத்தில் அவன் கால் வழுக்கியதும், தலை பாறையில் அடிபட்டதும், உன் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டு ஆள் வரும்வரை நீ நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் எல்லாம் சொன்னான். அந்த பூட்ஸை என் கண்ணில் படவே கூடாது என்று நீயே வெட்டிப் போட்டுவிட்டாயாம். அத்தைக்குத் தெரிய வேண்டாம் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். அவனைக் கோபிக்காதே. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

ஷீனா, மெர்வினை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னால் நான் உன்னைப் பார்த்துச் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். "உன் மலைப் பைத்தியத்துக்கு எம்பிள்ளையப் பலி குடுத்துட்டியேட்டி" என்றேன். உன் அம்மா என் கையைப் பிடித்தார்கள், நான் உதறிவிட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். ஒரு வார்த்தை, "நீங்க அனுப்பின பூட்ஸ்தான் அத்தை" என்று ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன். அது தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாய். இப்போது புரிகிறது.

ரோஷன் வந்துபோன மறுநாள் கபீர் பாய் செருப்புக் கடைக்குப் போனேன். அங்கேதான் அதை வாங்கினேன். அன்றைக்கு அவர் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று அடிப்பாகம் தடியாக, பல்லு பல்லாக வெட்டி, பார்க்க ஒரு மாதிரி இருந்தது. குளிர் ஊருக்கு இது தேவலை அக்கா என்றார். மில் வேலைக்குப் போகிறவன் போடுவது மாதிரி இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுப் போக வேண்டாமா என்று சொல்லி, மினுமினுப்பாக இருந்ததைக் கட்டச் சொன்னது நான். நடந்ததைச் சொன்னதும் பாய் அதே மாதிரி ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். இந்த ரப்பர் நம் வெயிலுக்கு வளையும், அந்தக் குளிருக்குக் கல்லாக இறுகிவிடும் போல என்றார். "வெயில் ஊர்ல கடை வச்சிருக்கவன், எனக்குப் பனியைப் பத்தி என்னக்கா தெரியும், ஆனா விசாரிச்சிருக்கணும்லா" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் கல்லாவில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். அவர் மேல் குற்றமில்லை. அவர் காட்டினார், நான்தான் வேண்டாம் என்றேன்.

அங்கிருந்து வீட்டுக்கு வர மனமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். ஜனவரிக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. செல்லத்தாய் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார்கள், இன்னும் என்ன சொல்ல வந்திருக்கிறாளோ என்று. எல்லாவற்றையும் சொன்னேன். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அடுப்பில் இருந்த சோற்றை வடித்துவிட்டு வந்து எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். சாப்பிடும்போதுதான் பேசினார்கள். "செண்பகத்தோப்பு, மலை, காடுன்னு சின்னதுலயே சுத்துவா. வீட்டுல இருடின்னு எம்புட்டோ சொல்லிருக்கேன், ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப வீட்டுலயே கெடக்கா. அதான் மதினி எனக்குப் பயமா இருக்கு" என்றார்கள். 

வேலைக்குப் போவதும் வருவதும் தவிர நீ வெளியே தலைகாட்டுவதில்லை என்று ரோஷனும் சொன்னான். உன் மலை பூட்ஸைக் கோயிலில் துணிமணி சேகரிக்கும் பெட்டியில் போட்டுவிட்டாயாமே. மெர்வினுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்ததே நீதான். கல்யாணத்துக்கு முன்னால் தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியில் போனவன் அவன். உன்னோடு சேர்ந்த பிறகுதான், ஏரி உறைந்து கிடக்கிறதும்மா, மேலே நடந்தோம்மா என்று சின்னப்பிள்ளை மாதிரி போனில் கத்துவான். அவ்வளவு சந்தோஷமாக அவன் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அதையும் அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நீ புதிதாக ஒரு பூட்ஸ் வாங்கம்மா. இங்கிருந்து அனுப்பவே மாட்டேன், பயப்படாதே. அங்கேயே, பனியைத் தெரிந்த கடையில், நீயே போட்டுப் பார்த்து வாங்கு. ரோஷனை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். அடிப்பாகம் குளிரிலும் இறுகாமல், ஆழமாக வெட்டியதாக இருக்கட்டும். வெளியிலிருந்து தண்ணீர் புகக்கூடாது. உள்ளே கம்பளி வைத்தது, கணுக்காலுக்கு மேலே வரட்டும். தடிமனான காலுறையைப் போட்டுக்கொண்டு பார். விரல்கள் அசைய இடம் வேண்டும், இறுக்கினால் இன்னும் குளிரும் என்றான். ஆம்பளை பூட்ஸில் சின்ன அளவு என்று கொடுத்தால் வாங்காதே, குதிகால் நிற்காது. கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் இறங்கி, வழுக்குகிறதா என்று பார். நிறமும் மினுக்கும் எப்படி இருந்தாலும் சரி. இதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். போன தடவை நான் யார் சொல்லையும் கேட்காமல் வாங்கினேன். அதனால் இந்தத் தடவை கேட்டேன்.

கல்லறைக்குப் போன வாரம் போனேன். மழையில் புல் மண்டிவிட்டது, பிடுங்கிவிட்டு வந்தேன். அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் நாலு தாள் கிழித்தேன். இது ஐந்தாவது.

பனி நன்றாக விழுந்த பிறகு மலைக்குப் போ. தனியாகப் போகாதே, கூட வேலை செய்கிற பிள்ளைகள் யாரையாவது கூட்டிக்கொள். எங்களிடம் கேட்க வேண்டாம், மாமாவும் அதையேதான் சொன்னார். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத மனம் வராவிட்டால் எழுத வேண்டாம், நான் வருத்தப்பட மாட்டேன். மலைமேல் நின்று ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. முகம் தெரிய வேண்டும் என்று இல்லை. உன் இரண்டு காலும் பனியில் ஊன்றி நிற்பது தெரிந்தால் எனக்குப் போதும் தாயே.

நீ வைக்கிற ஒவ்வொரு அடியையும் ஆண்டவர் உறுதியாக்கட்டும்.

உன் அத்தை,
ஜெயபாய்