காலுறைத் தடம்

அன்புத் தங்கைக்கு,

என் கால் ஏன் வீங்குகிறது என்று கடைசியில் தெரிந்துவிட்டது. விரலிடுக்கில் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நிணநீர்க் குழாய்கள் வெள்ளை நூல் மாதிரி தெரிய வேண்டுமாம். என் இடது காலில் வெறும் புகைமூட்டம். பிறவிக் கோளாறு.

"இது குடும்பத்துல வரலாம்மா. கூடப் பிறந்தவங்க பிள்ளைங்களையும் பாத்துக்கச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

அன்று என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவரிடம், "அக்காவுக்கு யானைக்கால்" என்று ஓடிப்போய்ச் சொன்னவள் நீ. அவரையே கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாய். சந்தோஷம்.

போன வாரம் தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்த உன் மகள், வாசலில் காலுறையைக் கழற்றினாள். இடது காலில் மட்டும் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. குழந்தை மனசு நோகக் கூடாதே என்று அவளிடம் நான் மூச்சு விடவில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

உன் நலம் நாடும்,
அக்கா