பொக்கச் சொன்னது நான்தான்

அருமனை,
11.10.2025, சனிக்கிழமை

அன்பு மகன் ஆன்ஸ்லினுக்கு,

மஸ்கட்டில் இப்போது வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும், உன் தலைவலியும் அதோடு போயிருக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தினமும் ராத்திரி ஜெபம் உன் பெயரில்தான் முடிகிறது. இங்கே மூன்று பேரும் சுகம் என்று எழுதத்தான் வந்தேன், மூன்று பேரும் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் தங்கைக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். வலது கையைக் கட்டிப்போட்டு மூன்று வாரமாகிறது, அதனால் நான் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைக்கும் முன்னே சீப்பும் எண்ணெயுமாக வந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துவிடுகிறாள். இறுக்கினால் தோள் வலிக்குமே என்று நான் மெதுவாகப் பின்னுவேன். ‘இப்பிடிப் பின்னுனா மத்தியானத்துக்குள்ள அவுந்துபோவும்மா, பரீட்சை பேப்பர் திருத்துத கைதானே, கொஞ்சம் தாட்சணியம் பாக்காம இறுக்குங்க’ என்று பிரீனா கிண்டல் செய்கிறாள். நான் சிரிப்பதில்லை. அவள் முகம் எனக்குத் தெரியாத அந்தப் பக்கமாக இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், மழை விட்டுவிட்டுப் பெய்வதால் ரப்பர் பால்வெட்டு வாரத்தில் மூன்று நாள் நடந்தால் அதிகம், அந்த எரிச்சலும் சேர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ ‘சரிம்மா, விடுங்க’ என்பாய். நானும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்லாமல் விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு சுயம்புராஜுக்கு லீவு முடிந்து திங்கட்கிழமை விமானம், உனக்கு நேந்திரங்காய் வற்றல் கொடுத்துவிடுகிறேன், இந்தக் கவரும் அதோடு வரும். தனியாக இருக்கும்போது படி.

ஜீப் வாங்கலாம் என்று ஜூன் மாதம் முடிவானபோது நீ சொல்லித் தந்ததையெல்லாம் நான் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருந்தேன். பிரீனா தேனீ வளர்க்கும் பெட்டிகளைப் பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் எஸ்டேட்டுகளில் கொண்டுபோய் வைக்க ஆட்டோக்காரர்கள் யாரும் வரமாட்டேன் என்றபிறகுதான் அந்தப் பேச்சே வந்தது. ‘பொட்டப்பிள்ளைக்கு ஜீப்பா, ஊருல நமக்கு வேற வேலையில்லியா’ என்று அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு அவரே எங்களோடு வண்டி பார்க்கவும் வந்தார். குளச்சலில் ஒன்று, புதுப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. கடற்கரையில் ஓடின வண்டி என்றால் கால்மிதியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தாய். தூக்கினேன், துருவில் என் விரல் உள்ளே போய்விட்டது. விற்கிறவர் கொஞ்சமும் அசரவில்லை, ‘டீச்சரே, அது தண்ணி எறங்கிப் போவதுக்கு உள்ள ஓட்டை’ என்றார். ‘அப்போ மழை வந்தா நாங்களும் அதுவழி எறங்கிப் போயிரலாம்’ என்றாள் பிரீனா. குலசேகரத்தில் பார்த்த எஸ்டேட் ஜீப்தான் உன் நோட்டுக்குச் சரியாக வந்தது. பானட்டில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது, நாங்கள் வருமுன்னே சூடாக்கி வைக்கவில்லை. முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது, புகை கறுக்கவில்லை. சேலையை இடுக்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய் போன் டார்ச்சை அடித்துச் சேசிஸ் முழுக்கப் பார்த்தேன். மானம் போகிறது என்று அப்பா ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். வாங்கினபிறகு செய்யவேண்டியதையும் நீ சொன்னாய். பிரேக் முழுக்க மாற்றவேண்டும், டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றவேண்டும், தோளைச் சுற்றி வரும் பெல்ட் வேண்டும், கவிழ்ந்தாலும் தலை நசுங்காமல் இருக்க மேலே கனத்த குழாய்க் கம்பி வேண்டும், பின்னால் பெட்டிகளைக் கட்டக் கொக்கி வேண்டும். கடைசியாக, ‘ஒயரத்த மட்டும் தொடாதீங்கம்மா, புதுசா ஓட்டுத பிள்ளைக்கு ஒயரம் கூடுன வண்டி வேண்டாம், சரிவுல அது சட்டுன்னு சாயும்’ என்றாய். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். நோட்டு இப்போதும் என் பீரோவில்தான் இருக்கிறது.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. பிரீனா என்னைப்போலக் குட்டை. சீட்டில் உட்கார்ந்தால் பானட்டுக்கு முன்னால் உள்ள தரை அவளுக்குத் தெரியவில்லை. தலையணை வைத்து ஓட்டச் சொன்னால் ஊரே சிரிக்கும் என்று மறுத்துவிட்டாள். மடித்த போர்வையை அவளுக்குக் கீழே வைத்து நான் ஸ்கேலால் அளந்தும் பார்த்தேன், நான்கு இஞ்ச் சரியாக இருந்தது. ஒர்க்ஷாப்பில் முருகதாஸிடம் சீட்டை உயர்த்தச் சொல்லிவிட்டேன் என்றே என் நினைப்பு. சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான். ஜூலையில் ஒருநாள் நான் ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்திக்கொண்டிருக்கும்போது அவர் போன் செய்தார். ‘டீச்சரே, பிரேக்கு, பெல்ட்டு, கம்பி எல்லாம் ஆச்சு. இனி பொக்கணுமா?’ என்று கேட்டார். எனக்குச் சீட்டுதான் நினைவில் இருந்தது. ‘பொக்கணும், பிள்ளைக்கு முன்னால ரோடு தெரியணும்லா’ என்றேன். எவ்வளவு என்றார். நாலு இஞ்ச் என்றேன். ‘நாலு நல்ல பொக்கமாச்சே’ என்று இழுத்தார், பிறகு சிரித்துக்கொண்டு, ‘செரி, இப்போ உள்ள பிள்ளையளு எல்லாம் பொக்கித்தான் கேக்குதுவ’ என்று வைத்துவிட்டார். சீட்டு என்ற சொல் அவர் வாயிலும் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை. நான் சுசீந்திரத்துப் பக்கம் பிறந்தவள். இங்கே கல்யாணமாகி வந்த புதிதில் உயரம் என்று சொன்னால் போதும், ‘நாஞ்சிநாட்டுக்காரி புஸ்தகம் வாசிக்கா’ என்று உன் அத்தைமார் சிரிப்பார்கள். பொக்கம் என்று சொல்லப் பழகினேன், தூக்குவதைப் பொக்குவது என்றேன், இருபத்தாறு வருடத்தில் நானும் இந்த ஊர்க்காரிதான் என்று எனக்குள் ஒரு பெருமை. அன்றைக்குப் பழைய வழக்கத்தில் சீட்டை உயர்த்துங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். அவரைப்போலவே பேசவேண்டும் என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னேன்.

வண்டியை எடுக்கப் போனபோது தூரத்திலேயே தெரிந்துவிட்டது. ஸ்பிரிங் பட்டையில் இரும்புக் கட்டை கொடுத்து வண்டியையே நான்கு இஞ்ச் தூக்கியிருந்தார், சீட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. தெரிந்துதான் கேட்கிறாள் என்று முருகதாஸ் நினைத்தார், அவர்மேல் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ‘சரிவுல போவும்ப மட்டும் பாத்துப் போவச் சொல்லுங்க டீச்சரே’ என்று என்னிடம் தனியாகவும் சொன்னார். அதற்குள் பிரீனா தாவி ஏறி உட்கார்ந்துவிட்டாள். ‘அம்மா, கொள்ளாம்மா! பஸ்ஸு டிரைவர் மாதிரி இருக்கேன்’ என்று சத்தம் போட்டாள். அவ்வளவு உயரத்தில் அவளுக்கு ரோடும் தெரிந்தது. மாற்றித் தரச் சொன்னால் இரண்டு நாளில் மாற்றியிருப்பார். அப்படிச் சொல்ல, அந்தச் சொல்லை நான் அரைகுறையாகப் பேசினேன் என்பதை அங்கே நின்ற பையன்கள் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். தினமும் நாற்பது பிள்ளைகளிடம் தப்பு என்றால் எழுந்து நின்று சொல்லு என்கிறவள் நான். எனக்கு வாய் வரவில்லை. அவள் சந்தோஷத்தைக் கெடுக்கவேண்டாமே என்று மனதுக்குள் ஒரு காரணமும் செய்துகொண்டேன். அன்று சாயங்காலம் வண்டியைக் காட்டச் சொல்லி நீ வீடியோவில் வந்தாய், நினைவிருக்கிறதா. நான் போனை வண்டிக்குள்ளே கொண்டுபோய் பெல்ட்டையும் பிரேக்கையும் கம்பியையும் காட்டினேன். நீ ‘சூப்பர்ம்மா’ என்றாய். வெளியே நின்று காட்டவில்லை. தெரியாமல் நடந்தது ஒர்க்ஷாப்போடு முடிந்தது மக்கா, அதற்குப்பிறகு எல்லாம் தெரிந்தே செய்தேன். சரிவில் பார்த்துப் போகச் சொல்லுங்கள் என்று முருகதாஸ் சொன்னதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாளே.

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை, நானும் மறக்கப் பார்த்தேன். மழைக்காலத்தில் பூ இல்லாததால் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான் அன்று போனாள். எஸ்டேட் பாதையில் சரிவான இடம், மேல்பக்க டயர் ஒரு வேர்க்கட்டையில் ஏறியிருக்கிறது, வண்டி அப்படியே வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. அவள் வேகமாகப் போகவே இல்லை. பால்வெட்டுகிறவர்கள் பார்த்திருக்கிறார்கள், நடந்துபோகிற வேகம்தான் என்றார்கள். பெல்ட்டும் கம்பியும் இருந்ததால் வலது தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று, அதாவது நீ சொன்னது அவளைக் காப்பாற்றியது, நான் சொன்னது அவளைச் சாய்த்தது. நெய்யூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஜெபம்பண்ண முயற்சி செய்தேன், என்னவென்று பண்ணுவது.

கவிழ்ந்த வண்டியின் படத்தை அப்பா உனக்கு அனுப்பினார். உயரத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது. நீ அவளைக் கூப்பிட்டு, ‘ஸ்டைல் காட்டணும்னா திருவனந்தபுரத்துக்குப் போடி, எஸ்டேட்டுக்கு எதுக்குப் போன? ஒன்னைய நம்பி வண்டி வாங்கித் தந்தவங்களச் சொல்லணும்’ என்று ஏசினது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அப்பா, யார் வண்டியைத் தூக்கச் சொன்னது என்று கேட்டார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். ‘நான்தான் பொக்கச் சொன்னேன்’ என்றாள் உன் தங்கை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் அப்போதும் பேசவில்லை. இன்று காலைதான், பின்னிக்கொண்டே, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். ‘நீங்க எனக்காவதானே பொக்கித் தந்தீங்க, எனக்குப் பிடிக்கும்னு. ஒங்களச் சொன்னா அப்பா ஒரு வருசம் சொல்லிக் காட்டுவாரு, என்னையன்னா ரெண்டு நாளு’ என்றாள். நான் ஆசையாகச் செய்து கொடுத்தேன் என்று நினைத்திருக்கிறாள். அதற்காக உன்னிடமும் அப்பாவிடமும் ஏச்சு வாங்கியிருக்கிறாள். பின்னல் என் கையிலிருந்து அவிழ்ந்துவிட்டது. அவளே மறுபடியும், ‘கை சரியானா ஓட்டலாம்லாம்மா?’ என்று கேட்டாள். பார்ப்போம் என்றேன். பார்ப்பதற்கு நேரமில்லை. அப்பா ஜீப்பை விற்க ஏற்பாடு செய்துவிட்டார், தேன்பெட்டிகளை அவளோடு தேன் எடுக்கும் விபினுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். ஜனவரியில் ரப்பர் இலை உதிர்ந்து தளிர் வருகிறபோதுதான் தேன் கிடைக்கும், அப்போது பெட்டிகள் மலையில் இருக்க வேண்டும். அவளுக்கு அது வெறும் ஒரு வருடத்துத் தேன் இல்லை. தன்னால் முடியும் என்று ஊருக்குச் சொன்ன முதல் காரியம், இப்போது தன்னால் முடியவில்லை என்று அவளே நம்ப ஆரம்பித்திருக்கிறாள். நேற்று விபின் வந்தபோது பெட்டிகளின் பட்டியலை இடது கையால் எழுதிக் கொடுத்தாள். ‘எழுத்தப் பாத்துச் சிரிக்காத’ என்று அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ அவளிடம் என்ன பேசவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உன் கோபம் நியாயம், ஆள்தான் மாறிவிட்டது, அதை என்மேல் வை. நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை லீவில் தூங்கியே கழிக்காமல் சபைக்குப் போ, வற்றலை ரூமில் உள்ளவர்களுக்கும் கொடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கையின் வேலையை ஆசீர்வதிக்கட்டும்.

வண்டியின் ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. அதை வாங்கப்போகிற வடசேரிக்காரர் வரும் சனிக்கிழமை தாள்களோடு வருகிறார். நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. முருகதாஸிடம் ஆமாம் என்றது நான், எதை என்று சொல்லாமல் விட்டது நான், தெரிந்தபிறகும் வாயை மூடியிருந்தது நான் என்று அப்பா முன்னாலும் பிரீனா முன்னாலும், அந்த வாங்க வந்த மனுஷர் முன்னாலும் சொல்லப்போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நீ போன் செய்து, வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வேன்.

உன் அம்மா,
ராகேல் செல்வதாஸ்