புயல் கட்டடத்தில் கருணை வகுப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து வாடைக்காற்று. கடலை ஒட்டிய ஏரி கலங்கிக் கிடக்கிறது. கர்ப்பிணி வீடுகள் ஐந்து பார்த்தாயிற்று. இரும்புச் சத்து மாத்திரையை ஐந்து பேருமே விழுங்கவில்லை. விழுங்கியதாகச் சொன்னார்கள்.

நாளை முதல் மூன்று நாள், புயல் வந்தால் ஊர் ஒதுங்கும் கட்டடத்தில் ‘கருணையும் மகிழ்ச்சியும்’ வகுப்பாம். சென்னையிலிருந்து ஒரு குழு. புத்தர் சொன்ன வழியில் மனத்தைப் பழக்குவார்களாம். முப்பது பெண்களைத் திரட்டி உட்கார வைப்பது என் வேலை. நர்ஸ் படிப்பில் இது இல்லை.

பிப்ரவரி 4, புதன்

நல்ல வெயில். முப்பது கேட்டார்கள், இருபத்திரண்டு வந்தது. சுண்டல் உண்டு என்று சொன்னதால் அதுவும்.

அவர்கள் கொண்டுவந்தவை: சின்ன மெத்தை முப்பது. வெண்கலக் கிண்ணம் ஒன்று, அதைத் தட்ட ஒரு குச்சி. புத்தர் ஒன்று, பிளாஸ்டிக் தாமரையோடு. கொண்டுவராதது: குடிதண்ணீர். என்னிடம் கேட்டார்கள்.

டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். கைத்தறிப் புடவை. இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு பஸ் போய்வரலாம். “ஆசைதான்... துன்பத்துக்கு... வேர்.”

பின்வரிசையிலிருந்து நாகம்மா: “வலையில மீனு வுழணும்னு ஆசப்படாம எப்டிம்மா கடலுக்குப் போறது?”

டீச்சர் புன்னகைத்தாள். அதுதான் பதில்.

பிறகு பயிற்சி. கண்ணை மூடி, தனக்கு ஒரு வாழ்த்து, பிடித்தவருக்கு ஒன்று, கடைசியில் பிடிக்காத ஒருவருக்கு. நலமாக இரு, பயமில்லாமல் இரு, மகிழ்ச்சியாக இரு.

நான் கண்ணை மூடவில்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் தே. உட்கார்ந்திருந்தாள். தேசம்மா. இனி முழுப் பெயர் எழுத மனமில்லை. ஆறு வருடத்துக்கு முன் என் மகள் வேற்றுச்சாதிப் பையனோடு காட்டூர் போனபோது, நாங்கள் பேசி முடிப்பதற்குள் சேதியை ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுபோனவள். என் வீட்டுக்காரர் ஊருக்கு நடுவில் தலைகுனிந்து நின்றார். மகள் இனி இங்கே கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மட்டும் போன் செய்வாள். இவர் அவள் பேரையே எடுப்பதில்லை.

அந்தத் தே. கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். கன்னத்தில் வழிய வழிய. டீச்சர் வந்து தோளில் கை வைத்தாள். நல்ல நடிப்பு. சுண்டலில் உப்பு இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

இன்றைக்கு உயிர்களை விடுவிக்கும் சடங்கு. குழு காலையிலேயே பெண்களிடமிருந்து ஒரு கூடை உயிர் நண்டு வாங்கி வைத்திருந்தது. பெரிய ஏரி நண்டு. எல்லோரும் படகுத்துறைக்கு நடந்தோம். டீச்சர் ஏதோ சொல்லச் சொல்ல, குழுவோடு வந்தவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டார்கள். ஒருத்திக்கு அழுகை. ஒருவன் செல்போனில் படம்.

நண்டின் கொடுக்கெல்லாம் சணல் போட்டுக் கட்டியபடியே இருந்தது.

பக்கத்தில் போய்ச் சொன்னேன்: “மேடம், கயிறு.”

“கயிறா?”

“கொடுக்குல கட்டு இருக்கு. அத அவுக்காம வுட்டா இரை புடிக்க முடியாது. செத்துரும்.”

கிண்ணத்தையும் நண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அவுத்தா கடிக்குமே?”

“கடிக்கும்.”

“நம்ம எண்ணம் சுத்தமா இருந்தாப் போதும்மா,” என்றாள்.

இதைக் கேட்கத்தான் மூன்று நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு நிற்கிறேன். எண்ணம் சுத்தம். நண்டு பட்டினி.

அவர்கள் வேனில் ஏறியதும் ஒருத்தி புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தே. இடுப்பளவு ஆழம். காலால் துழாவுகிறாள், குனிகிறாள், பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கி, பிளேடால் சணலை அறுத்து விடுகிறாள். நாலைந்து இருக்கும். கரையில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்.

மதியம் என் சப்-சென்டருக்கு வந்தாள். வலதுகை ஆள்காட்டி விரல் நசுங்கி, நகம் தூக்கிக்கொண்டு.

“இன்னாத்துக்குடி எறங்குன? வாங்குனவங்களே போய்ட்டாங்க.”

“கட்டுனது நான்தானேக்கா,” என்றாள்.

பஞ்சை எடுத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. “நேத்து அப்டி அழுதியே, யார நெனச்சு?”

“ஒன்னத்தான்.”

“நான் இன்னா செத்தா பூட்டேன்? என்னப் பாத்தா ஒனக்குப் பாவமா தோணுதா?”

“பாவமா? புடிக்காதவங்கள நெனைக்கச் சொன்னாங்க. ஒன்ன நெனச்சேன்.”

இவளுக்கு என்னைப் பிடிக்காதாம். இவளுக்கு!

“நான் ஒனக்கு இன்னாடி செஞ்சேன்?”

“ஒம்பொண்ணு போன பின்னால எங்க வூட்டுக்காரருக்கு ஜுரம்னு இங்க இட்டாந்தேன். பின்னால வந்தவங்களையெல்லாம் முன்னால கூப்ட்ட. ரெண்டு மணி நேரம் நிக்க வெச்ச. அவரு அங்கயே சுருண்டு வுழுந்தாரு.” விரலை நீட்டியபடியே, “ஒம்பொண்ணு விசயத்த நான் போய்ச் சொன்னது தப்புதான். ஆனா அவரு இன்னாக்கா பண்ணாரு?” என்றாள்.

கட்டுப் போட்டேன். ரணஜன்னிக்கு டி.டி. ஊசி ஒன்று. அன்றைக்கு வரிசை நீளம், அவள் புருஷனுக்கு அவ்வளவு முடியவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று இங்கே எழுதிவைக்கலாம். யாரும் படிக்கப் போவதில்லை. ஆனால் தெரியும். விழுந்த சத்தம் கேட்டுத்தான் எழுந்தே போனேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மேகமூட்டம். வகுப்பு முடிந்தது. ‘நீங்கள் உணர்ந்த மாற்றம் என்ன?’ என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ‘ஏற்பாடு நன்று’ என்று எழுதிக் கொடுத்தேன். மெத்தைகளை எண்ணி எடுத்துக்கொண்டு போனார்கள். தாமரை மட்டும் விழுந்து கிடக்கிறது. கூட்டித் தள்ள வேண்டும்.

சாயங்காலம் தே. கட்டு மாற்ற வந்தாள். துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. வெடுக்கென்று இழுத்தால் ஒரு நொடி வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் செய்கிறேன். சலைன் ஊற்றி ஊறவிட்டேன். ஐந்து நிமிடம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருவரும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பொண்ணு பேசுதாக்கா?” என்றாள்.

வாயை மூடு என்றேன். மூடிக்கொண்டாள்.

துணி தானாகக் கழன்றது. புதுக் கட்டுப் போட்டு முடிச்சிடும்போது, மகளுக்கு அஞ்சு மாசம், வாந்தி நிற்கவில்லையாம் என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் போயும் போயும் இவளிடம். இவருக்கே இன்னும் சொல்லவில்லை.