ஞாயிற்றுக்கிழமைக் குழுவிலையிருந்து நான் விலகிறன்

கொக்குவில்

கர்த்தருடைய கிருபைக்குள்ளை இருக்கிற என்ரை ஆசை மகள் நிஷானிக்கு,

இஞ்சை நானும் கொப்பாவும் சுகம், ஒஸ்லோவிலை நீயும் குளிருக்குள்ளை சுகமா இருக்க ஆண்டவரை மன்றாடுறம். பிள்ளை, இந்த முதல் வசனம் பழக்கத்திலை எழுதினது, இதை ஒரு விடையெண்டு நினைச்சு உன்ரை கொம்பியூட்டருக்குள்ளை ஏத்திப்போடாதை. அதைப்பற்றித்தான் இந்தக் கடிதமே. பக்கத்து வீட்டு றயன் லீவு முடிஞ்சு நாளைக்கு உங்கை திரும்பிறான், அவனிட்டை மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் குடுத்துவிடுறன், கடிதம் தூள் பைக்குள்ளை. கொப்பாவுக்குத் தெரியாது. வாசிக்கேக்கை தும்மினால் என்னை ஏசாதை.

முந்தி ஒவ்வொரு நாளும் பின்னேரம் போன் எடுத்துக்கொண்டிருந்தனி, இப்ப லெந்து நாள் தொடங்கினதிலையிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஆக்கள் லெந்துக்கு இறைச்சியை விடுவினம், நீ தாயை விட்டிட்டாய். கேட்டால் உன்ரை ஆராய்ச்சி அப்பிடிச் சொல்லுதாம். வெளிநாட்டிலை பிள்ளையள் இருக்கிற தாய்மாரிலை ஒவ்வொரு நாளும் போன் வாற ஆக்களுக்குத்தான் தனிமை கூடவாம், கிழமைக்கொருக்கா வாற ஆக்கள் சந்தோசமா இருக்கினமாம், இது தற்செயலா வரேல்லை எண்டு காட்டிற பி பெறுமானமும் நல்ல சின்னனா வந்திட்டுது எண்டு துள்ளினாய். எங்கடை நன்மைக்காகத்தான் குறைச்சனியாம். கொப்பா பெருமையிலை ஓமோம் எண்டு தலையாட்டினார், எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஞாயிறு நீ எடுத்தாலும் போன் கொப்பாவின்ரை கையிலை, எலெக்சன், வாழைக்குலை, முழங்கால் நோ எண்டு அவர் அளந்து முடிய எனக்கு மிஞ்சிறது பை பை அம்மா மட்டும்தான்.

இப்ப உன்ரை ஆராய்ச்சி இஞ்சை எப்பிடி நடந்ததெண்டு கேள். கொக்குவில் பக்கத்தை நீ கொப்பாவிட்டை ஒப்படைச்சாய், ஒவ்வொரு தாயிட்டையும் தனியப் போய் வினாக்கொத்தைக் குடுக்கச் சொல்லித்தான் எழுதினனி. காலம் முழுக்கப் பள்ளிக்கூடம் நடத்தின மனிசன் வீடு வீடா ஏறி இறங்குவாரே? ஆராதனை முடிய மாதர் சங்கம் முழுக்கவும் சபை மண்டபத்திலை இருக்கவேணும் எண்டு அறிவிச்சுப்போட்டார். ஆரம்ப ஜெபம், வரவேற்புரை, பிறகு பற்றிசும் தேத்தண்ணியும். பேந்து போதகர் அம்மா மேடையிலை நிண்டு கேள்வியளை வாசிக்க, எட்வேர்ட் மாஸ்ரர், அதுதான் உன்ரை கொப்பா, கையை எண்ணி எழுதிறார். போன கிழமை தனிமையா இருந்தவை கையை உயர்த்துங்கோ எண்டால், போதகருக்கு முன்னாலை, சம்பந்தி வீட்டாருக்கு முன்னாலை, வாய் நிறையப் பற்றிசோடை ஆர் பிள்ளை உயர்த்துவினம்? மண்டபம் முழுக்கத் தேவகிருபையால் நல்ல சந்தோசம்! நானும் உயர்த்தேல்லை, மடியிலை முகம் துடைக்கிற லேஞ்சியை முறுக்கிக்கொண்டிருந்தன். பக்கத்திலை இருந்த றஜனி அன்ரி கேள்வி முடிய முதலே சிரிச்சவ, திரும்பி வரேக்கை ஓட்டோவுக்குள்ளை வீடு மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தவ. கொப்பா எல்லாத்தையும் வடிவா நிரப்பி உனக்கு அனுப்பிப்போட்டு, ஒருத்தரும் பதில் சொல்லாமல் விடேல்லை எண்டு இண்டைக்கும் புளுகிக்கொண்டு திரியிறார்.

தொண்டைமானாத்துப் பக்கம் போனவள் துஷாந்தினி. உன்னோடை படிச்ச பெட்டை, நீ சொன்னபடி செய்தவள். ஒவ்வொரு வீட்டுக் குசினிக்குள்ளையும் போய், அந்தத் தாய்க்குப் பக்கத்திலை குந்தியிருந்து மெல்லக் கேட்டிருக்கிறாள். ஆர் என்ன சொன்னவை எண்டு என்னட்டை அவள் வாயே திறக்கேல்லை, நல்ல பிள்ளை. ஆனால் அங்கையிருந்து வந்து எனக்கு மீன் தாற இரத்தினம்மா அக்கா தானே சொன்னவ, அந்தப் பெட்டையிட்டை எல்லாத்தையும் கொட்டி அழுதிட்டன் எண்டு. அவவின்ரை மகன் பிரான்சிலை, ஒவ்வொரு நாளும் எடுப்பான். ஏன் எடுக்கிறான்? போன மாரியிலை தேப்பன் செத்து, தாய் தனிச்சுப்போனா எண்டுதான் எடுக்கிறான். அவன் எடுக்கிறதாலையே அவ தனிச்சுப்போனவ? மழை நாளிலை றோட்டிலை கனக்கக் குடை தெரியும், குடைதான் மழையைக் கொண்டுவந்தது எண்டு ஆரும் எழுதுவினமே! அந்தப் பக்கம் ஒவ்வொரு நாளும் எடுக்கிற பிள்ளையள் கனக்க, மனம் விட்டுக் கதைச்ச தாய்மாரும் கனக்க. எங்கடை பக்கம் பிள்ளையள் கிழமைக்கொருக்கா, தாய்மார் வாய் திறக்கேல்லை. நீ அளந்தது தனிமையை இல்லை மேனை, சபைக்கு முன்னாலை கையை உயர்த்திற வெக்கத்தை.

உதெல்லாம் அம்மாவுக்கு எப்பிடித் தெரியும் எண்டு முழிக்கிறியோ? போன வருசம் சோதினைக்கு ஆரிட்டை ஒப்புவிச்சனி? எழுமாற்று மாதிரி எண்டால் என்ன, கட்டுப்பாட்டுக் குழு எதுக்கு, ரெண்டு விசயம் சேர்ந்து வந்தால் ஒண்டாலை மற்றது வந்ததெண்டு ஏன் சொல்லக்கூடாது எண்டு நீ போனிலை சொல்லச் சொல்ல, நான் முருங்கை இலை உருவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பன். முதல் நாள் சொன்னதுக்கு மாறிச் சொன்னால் பிடிப்பன். அரைவாசி விளங்காது, எண்டாலும் அந்த நேரத்துக்காக மத்தியானமே எல்லா வேலையையும் முடிச்சு வைப்பன். அந்தப் பாடம் இல்லாமல் எனக்குப் பின்னேரம் போகுதில்லை பிள்ளை, உண்மையாத்தான் சொல்லுறன்.

இன்னொண்டு. ஆக்களைச் சேர்க்கேக்கை சம்மதம் கேக்கவேணும், விருப்பமில்லாட்டில் காரணம் சொல்லாமலே விலகலாம் எண்டு உன்ரை வினாக்கொத்தின்ரை முதல் பக்கத்திலை கொட்டை எழுத்திலை இருந்தது. என்னை ஞாயிற்றுக்கிழமைக் குழுவிலை போடேக்கை ஒரு சொல்லுக் கேட்டனியோ? இல்லைத்தானே? நான் விலகிறன். உன்ரை புரொபெசரிட்டைப் போய் மண்டபத்திலை நடந்த கூத்தைச் சொல்லு, ஏசினால் ஏசட்டும், பிந்தினால் பிந்தட்டும். உன்ரை முடிவை நம்பி எத்தினை பிள்ளையள் தாய்க்கு எடுக்காமல் விடுவினம், யோசிச்சுப் பார். கொப்பாவை மட்டும் பேசிப்போடாதை, பாவம், உனக்கு நல்லது செய்யிறன் எண்டு நினைச்சுத்தான் பற்றிசுக்கும் சொல்லி வைச்சவர்.

தலைக்கு எண்ணெய் வை, ஈரச் சப்பாத்தோடை நிக்காதை, இராச்சாப்பாட்டை விடாதை. கர்த்தர் உன்ரை போக்கையும் வரத்தையும் காத்து, உன்ரை படிப்பை ஆசீர்வதிப்பாராக. தாய்மாரிட்டைத் திருப்பிக் கேக்கேக்கை முதல் ஆளா என்னட்டைக் கேள். செவ்வாய்க்கிழமை காலமை கொப்பா கோப்பாய்த் தோட்டத்துக்கு வாழைக்குத் தண்ணி விடப் போவார், அப்ப எடு, உனக்கு விடியப்பறமா இருக்கும், பரவாயில்லை எழும்பு. வீட்டிலை நான் தனிய, போதகர் அம்மாவும் இல்லை, பற்றிசும் இல்லை. அந்தக் கேள்வியைத் திருப்பி மெல்லக் கேள், நான் கையை உயர்த்திறன்.

என்றும் உன்ரை அன்பு அம்மா
பொன்மலர்