டாக்டரம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டது

என்னங்க,

இன்றைக்குத் திருப்பதி போகும் பஸ்ஸில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை புதுக்கட்டு. நம் புத்தூரில் அது ஒன்றும் அதிசயமில்லை, எலும்பு முறிந்தவர்கள் ஊர் ஊராக இங்கேதானே கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறார்கள். ஆனால் கையை இறுக்கிச் சுற்றியிருந்த அந்தத் துணியைப் பார்த்ததும் உங்கள் மணிக்கட்டுதான் என் கண்முன் வந்து நின்றது. வடமாலைப்பேட்டை வருவதற்குள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நிமோனியா வந்து பதினெட்டு நாள் திருப்பதி ஆஸ்பத்திரி ஐசியூவில் கிடந்தீர்கள். தொண்டைக்குள் குழாய். மயக்கத்தில் அதைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். உங்கள் நன்மைக்குத்தான். பிழைத்து வீட்டுக்கு வந்தபோது தெருவே வந்து பார்த்தது. திருத்தணிக்கும் திருமலைக்கும் மொட்டை வேண்டியிருக்கிறேன் என்றேன். "ரெண்டு மொட்டையா? இருக்கறதே ஒரு தலைதானே" என்று சிரித்தீர்கள். அதற்கப்புறம் நீங்கள் சிரித்து நான் பார்க்கவில்லை.

கைக்கடிகாரம் கட்டமாட்டேன் என்றீர்கள். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட விடவில்லை. மத்தியானம் கண் அசந்தால் போதும், திடுக்கிட்டு எழுந்து இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொள்வீர்கள்.

"கையக் கட்டிப்புட்டு குழில எறக்கறாங்க. கத்திகினே கீறேன், சத்தம் வர்ல" என்றீர்கள். "மறுபடி அங்க மட்டும் என்ன இட்டுகினு போவாத."

"வுடுங்க, கனவுதானே" என்று காபியைக் கையில் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. மூச்சு வாங்குகிறதா, படி ஏற முடிகிறதா என்றெல்லாம் தெலுங்கில் கேட்டுவிட்டு, தூக்கம் எப்படி, கெட்ட கனவு வருகிறதா, ஐசியூவை நினைத்தால் பயமாக இருக்கிறதா என்றார். நிறையப் பேருக்கு அப்படி இருக்கும், சொன்னால் சரிசெய்யலாம் என்றும் சொன்னார். உங்களுக்குத் தெலுங்கு கேட்டால் புரியும், பேசத்தான் வராது. என் முகத்தைப் பார்த்தீர்கள்.

எனக்கு வாய் நீளம் என்று ஊரெல்லாம் சொல்லிக் கிண்டல் செய்வீர்களே, அந்த வாய் அன்றைக்கு, "ஏமி லேது மேடம், பாகா நித்ரபோதுன்னாரு" என்றது. ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குகிறார். கம்பெனியில் ஃபிட்னெஸ் சர்டிபிகேட் கேட்டிருந்தார்கள். மனசு சரியில்லை என்று காகிதத்தில் ஒரு வரி ஏறிவிட்டால் உங்களை மறுபடி சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட விடமாட்டார்கள் என்று பயந்தேன். பைத்தியம் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களே என்றும் பயந்தேன். உங்கள் பயத்தைவிட என் பயம் எனக்குப் பெரிதாகப் போயிற்று. சர்டிபிகேட் கிடைத்தது. கம்பெனி இருக்கும் ஸ்ரீசிட்டிக்குப் பஸ் ஏறி வேலைக்கும் போனீர்கள்.

ஆடி மாதம், புழுங்கித் தள்ளிய ஒரு மத்தியானம், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுவரோரம் சுருண்டிருந்தீர்கள். நெற்றியைத் தொட்டால் அனல். மூன்று நாளாகக் காய்ச்சலாம். எனக்குத் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுவேன் என்று மாத்திரையை விழுங்கிவிட்டு மறைத்திருக்கிறீர்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு ஆத்திரம் தாங்காமல் கத்தினேன்.

"இன்னா மனுசன் நீங்க! அந்த டாக்டரம்மா அவ்ளோ கேட்டாங்களே, பயமா கீதுன்னு தமிழ்லயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

உங்களுக்குக் கோபமே வரவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டே சொன்னீர்கள்: "நீ சொல்லலியே. சொல்லக் கூடாத விசயம் போலன்னு இருந்துட்டேன்."

ஆம்புலன்ஸ் ரேணிகுண்டா தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. உங்கள் கையைக் கட்ட யாருக்கும் நீங்கள் வேலை வைக்கவில்லை.

இப்போது யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும், நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. தூக்கமில்லை, பயமாக இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் சங்கடப்பட்டு வேறு பேச்சுக்குத் தாவுகிறார்கள். அன்றைக்கு உங்களுக்காக நான் சொல்லியிருக்க வேண்டியதும் இவ்வளவுதான்.