பையோடு நட்ட கன்றுகள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு முட்டிவலி அப்படியேதான். பசி நன்றாக எடுக்கிறது. உன் அண்ணன் மட்டும் என்னோடு பேசுவதில்லை. மாதக் கடைசிக்குள் நான் தெருச் சங்கத் தலைவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். போனில் சொன்னால் வீடே கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

நகராட்சி பசுமைத் தெருவுக்குப் பரிசு என்று அறிவித்தது. தலைவர் தெரு நெடுகக் கன்று நட்டார். செயலாளர் என்று உன் அண்ணன் கூடவே ஓடினான். அவசரத்தில் கறுப்பு பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல் கன்றுகளைக் குழியில் இறக்கி மண்ணை மூடினார்கள். வேர் எங்கே போகும்? பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று தலைவர் நிழலின் அருமையைப் பற்றிப் பேசினார். காரில் இலை விழுகிறது என்று நம் வாசல் கொய்யாவை வெட்டிய மனுஷன். உன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்ததும் முகத்தில் வெயில் அடித்தது. ஜன்னலை யாரு பெருசாக்கினது என்று கேட்டார். அந்த வெயிலிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார்.

எழுந்து போய் ஒரு கன்றைப் பிடித்து இழுத்தேன். பையோடு வந்தது. எங்க தெருவுல பிளாஸ்டிக்கும் நட்டு வளர்க்கிறோம் ஐயா, நல்லா காய்க்கும் என்று பெரிய அதிகாரி கையில் கொடுத்தேன். தெருவே சிரித்தது. பரிசு அடுத்த தெருவுக்குப் போயிற்று. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நடும்போதே சொல்லியிருக்கலாமே, எதுக்கும்மா எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கின என்று உன் அண்ணன் குதித்தான். மரம் வெட்ட வந்தப்ப நீ எங்கிட்ட சொன்னியா என்று கேட்டேன். சம்மதம் சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டவனே அவன்தான். இத்தனை நாள் உன்னிடம் மறைத்தேன்.

இப்போது பைகளைக் கிழித்து மறுபடி நட்டாயிற்று. துளிர்க்கின்றன. தண்ணீர் நான்தான் ஊற்றுகிறேன், தலைவர் வாசலில் இருப்பதைத் தவிர.

மன்னிப்புக் கேட்காவிட்டால் வேறு இடம் பார்க்கட்டும் என்று மருமகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான், பக்கத்து அறையிலிருந்து. நான் கேட்கப் போவதில்லை.

உங்கள் வீடு சின்னது என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்னார். நான் எதையும் மறப்பதில்லை. அதனால் உன்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பேத்தி இன்னும் அந்த அறையில் தனியாகத்தான் படுக்கிறாளா என்று மட்டும் மாதக் கடைசிக்குள் எழுது. எல்லோரும் நன்றாக இருங்கள்.

உன் அம்மா